இடது அங்கவடி

பிப்ரவரி 3

மாமாவுக்கு,

அன்று சரியாக மாலை நான்கு பதினேழுக்கு உங்கள் போன் வந்தது. குளிர்பதனக் கிடங்கின் மொட்டைமாடியில் கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையெல்லாம் எண்ணெய். "டயர் வெடிச்சு வேன் கவுந்துருச்சு மாப்பிள்ளை" என்றீர்கள். குதிரையை ஏற்றிய வேனில் முன்சீட்டில் உங்கள் மகள்தான் இருப்பாள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பின்னால் ஜீப்பில் வந்துகொண்டிருப்பீர்கள் என்றும் தெரியும். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டீர்கள். "குதிரைக்கு ஒண்ணும் ஆகல."

நான் போனை வைத்துவிட்டேன். ஏணியில் இறங்கும்போது மறுபடி அடித்தது. இரண்டு கையும் ஏணியில் இருந்தன, எடுக்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து உங்கள் எண் வந்தால் நான் எடுப்பதில்லை. இனியும் எடுக்க மாட்டேன். எத்தனை முறை அடித்தாலும் அது மேஜை மேல் கிடந்து நடுங்கிவிட்டுத் தானாக ஓய்ந்துவிடும்.

நேற்று உங்கள் லாயத்தில் பெருக்குகிற ஆளை என் வீட்டுக்கு அனுப்பியிருந்தீர்கள். பாவம், செருப்பைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, "பெரியவரு சின்னம்மாவோட சேணத்தைக் கேட்டாரு. குதிரைக் காட்சி வருதாம்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால், இதைக் கேட்க அவருக்கு இருந்த வெட்கத்தில் கால்வாசிகூட உங்களுக்கு இருந்திருக்காது என்று தோன்றியது. அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். சேணத்தைக் கொடுக்கவில்லை.

அது எங்கள் சாப்பாட்டு மேஜையில் அவள் நாற்காலியின் முதுகில் கிடக்கிறது. அங்கேயே போட்டுத்தான் எண்ணெய் தடவுவாள். நான் அதற்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அது இருக்கட்டும்.

மகளை வழியனுப்பிவிட்டு வந்த கையோடு குதிரைக்குப் பிடரி சீவப் போய்விட்டீர்களாமே. துக்கத்துக்கு வந்தவர்கள் இன்னும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 'பெரியவர் எங்கே' என்று கேட்டதற்கு உங்கள் மனைவி என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

குதிரை பழக்குபவர் என்றால் ஏதோ பெரிய வித்தை தெரிந்தவர் என்று நானும் கல்யாணத்துக்கு முன்னால் நினைத்திருந்தேன். பார்த்த பிறகு புரிந்தது. சாணி அள்ளுவது, கத்துவது, மறுபடி சாணி அள்ளுவது.

ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதி அனுப்புங்கள். எழுத வருமென்றால்.


பிப்ரவரி 8

மாப்பிள்ளைக்கு,

எழுத வரும். போனை எடுத்தா ஒரு நிமிஷத்துல முடியிற விஷயத்துக்கு இந்த வயசுல என்னை ஸ்டாம்பு ஒட்ட வச்சுட்டீங்க. சந்தோஷம்.

சாணி அள்றேன்னு எழுதியிருந்தீங்க. ஆமா, அள்றேன். இருட்டு பிரியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு அள்றேன். அப்புறம் நாலு குளம்பையும் தூக்கிக் கல்லு மண்ணு நோண்டி எடுக்குறேன். நீளக் கயித்துல கட்டி வட்டம் ஓட்டுறேன், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். குளிப்பாட்டி, துவட்டி, தோல்ல நம்ம மூஞ்சி தெரியிற வரைக்கும் பிரஷ் போடுறேன். அதுக்கு மேலதான் உண்மையான வேலை. நிக்க வைக்கிறது. காட்சி மைதானத்துல ஜனங்க கை தட்டும், குடை விரிக்கும், மைக் கத்தும். அதனால நம்ம பெருக்குற ஆளைத் தகர டின்னைத் தட்டச் சொல்லிட்டு, மேனேஜரம்மாவை நாலு காலையும் சமமா ஊனி அசையாம நிக்க வைக்கிறேன். ஒரு காதுகூடத் திரும்பக் கூடாது. இதெல்லாம் ஃபிரிட்ஜைத் திறந்தா லைட் எரியுதான்னு பாக்குற வேலை இல்ல.

மேனேஜரம்மான்னு பேரு வச்சவ எம்பொண்ணு. எல்லாரையும் மேல இருந்து பாக்குதாம், எவன் வேலைலயும் திருப்தி கிடையாதாம். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அவளுக்குப் பதிலா லாயத்து முதலாளி பொண்ணு காட்சியில ஏறப்போகுது. நல்லா ஓட்டும், தப்பு சொல்ல மாட்டேன். ஆனா ஏறவே முடியல. இடது கால அங்கவடில வச்சு எம்பி, மறு கால தூக்கிப் போடுறதுக்குள்ள குதிரை நடக்க ஆரம்பிச்சுடுது. முதல் நாளே கீழ உக்காந்துருச்சு அந்தப் பொண்ணு. நடுவர்களுக்கு முன்னாடிதான் ஏறணும், ஏறி முடிக்கிற வரைக்கும் குதிரை அசையக் கூடாது. அசைஞ்சா அப்பவே வெளிய.

எம்பொண்ணு ஏறுறப்ப ஒரு நாளும் இப்படி நடந்ததில்ல. காலையில என் வேலை, சாயங்காலம் அவ வேலை. டீ குடிச்சுட்டு நான் வர்றதுக்குள்ள அவ மேல ஏறி உக்காந்திருப்பா. அவ்வளவு சுறுசுறுப்பு. எனக்குத் தெரிஞ்சு வித்தியாசம் சேணம் ஒண்ணுதான். வேற சேணம் அதுக்கு உறுத்துது. அதனாலதான் கேட்டு விட்டேன்.

முதலாளி சொல்லிட்டாரு. காட்சியில நின்னா லாயத்துல இருக்கும். இல்லன்னா செங்கல் சூளைக்கு வண்டி இழுக்கப் போகும். சூளைக்காரன் வந்து வாயத் திறந்து பல்லு பாத்துட்டுப் போயிட்டான்.

உங்க அத்தைக்கு உடம்பு சுமார். சாப்பிட்டீங்களான்னு கேக்கச் சொன்னா. கேட்டுட்டேன்.


பிப்ரவரி 12

மாமாவுக்கு,

சேணத்தை உங்கள் ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன். சவாரிக்கு அவள் மாட்டிக்கொள்ளும் கால் உறைகளைக் கொடுக்க மாட்டேன். அவை அவள் காலுக்கு மட்டும் சரியாக இருப்பவை. வேறு எவளும் அதற்குள் கால் விட வேண்டாம்.

சேணம் வந்தும் ஒன்றும் ஆகாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குதிரை நடக்கத்தான் போகிறது, முதலாளியின் மகள் மறுபடி மண்ணில் உட்காரத்தான் போகிறாள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு டீ போட்டேன். டீ கொதிப்பதற்குள் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஃபிரிட்ஜைத் திறந்து லைட் எரிகிறதா என்று பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எரியவில்லை என்றால் கத்த மாட்டோம், எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் ஆயுள் முழுக்கக் குதிரைகளோடு இருந்துவிட்டு, 'சேணம் உறுத்துது' என்கிறீர்கள்.

காரணத்தை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

உங்கள் காட்சியைப் போன வருடம் நானும் பார்த்தேன். அவள் இழுத்துக்கொண்டு போனாள். வெயிலில் நாற்காலி போட்டு, குதிரை வளர்க்கத் தெரியாதவர்கள் குதிரை வளர்க்கத் தெரியாதவர்களிடம் 'நல்ல ஜாதி' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்ட நடுவர் ஒருவர் வாலைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். என்ன கண்டுபிடித்தார் என்று அவளைக் கேட்டேன். "வால் இருக்குன்னு" என்றாள். அந்தக் கூட்டத்துக்காகவா இத்தனை பாடு?

அன்று வேனின் பின்பக்கம் உங்கள் மேனேஜரம்மா வைக்கோல் மெத்தையில், நாலு பக்கமும் பஞ்சு வைத்த பலகைக்கு நடுவே நின்றிருந்தது. முன்பக்கம் என் மனைவி உட்கார்ந்திருந்த இடத்தில் சீட் பெல்ட்கூட ஒழுங்காக மாட்டாது. முதலாளியிடம் நான் இரண்டு தடவை சொன்னேன், அவர் சிரித்தார். பஞ்சு எங்கே வைக்க வேண்டும் என்பதில் நீங்கள் எல்லோரும் ஒரே கருத்தில் இருந்தீர்கள். முதலில் யாரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதிலும்.

சூளைக்குப் போகட்டும். செங்கல் இழுக்கட்டும். அதற்கும் ஒரு நாள் கனம் தெரியட்டும்.

அத்தையிடம் சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள்.


பிப்ரவரி 16

மாப்பிள்ளை,

'நீங்க'ன்னு போட்டு எழுதி எழுதிக் கை வலிக்குது. இனிமே நீதான்.

நீ சொன்ன மாதிரியே சேணம் போட்டும் நடந்துருச்சு. முதலாளி பொண்ணு விழுந்துச்சு, கூட ஓட்டுற ஒருத்தன் விழுந்தான், இந்த வயசுல நானே ஏறிப் பாத்து நானும் விழுந்தேன். இடுப்புக்குத் தைலம் தேச்சுக்கிட்டுதான் எழுதுறேன். சிரிச்சுக்கோ.

நேத்து முதலாளி புதுசா ஒரு கடிவாளம் வாங்கிட்டு வந்தாரு. வாய்க்குள்ள போற இரும்பு முறுக்கி வச்சது, தாடைக்குக் கீழ சங்கிலி. நகந்தா இழு, தானா நிக்கும்னாரு. நான்தான் மாட்டினேன். என் கையாலயே. இழுத்தேன். வாய் நுரையில ரத்தம் வந்துச்சு. அப்பவும் நடந்துச்சு. வலிச்சாலும் நடக்குது. அடம் பிடிக்குற குதிரையா இருந்தா எனக்குத் தெரியும்டா. இது அடம் இல்ல. ஏதோ சொன்ன பேச்சைக் கேக்குற மாதிரி நடக்குது. யார் சொன்னாங்கன்னுதான் எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும்கிற. தெரிஞ்சும் டீ குடிச்சுட்டு உக்காந்திருக்க.

இன்னொண்ணு. இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அத்தைகூடச் சொல்லாதீங்கன்னா. ஆனா நீ ரெண்டு கடுதாசியிலயும் அதையே குத்திக் காட்டுற.

அன்னைக்கு நான் அந்த வார்த்தையை உங்கிட்ட சொல்லல.

எம்பொண்ணு என் மடியில இருந்தா. கண்ணு முழிச்சிருந்துச்சு. ஒரு கையில அவளைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையில உனக்குப் போன் போட்டேன். டயர் வெடிச்சுச்சுன்னு உங்கிட்ட சொல்லிட்டு இருக்கப்ப அவ கேட்டா, "அப்பா, மேனேஜரம்மாவுக்கு?" அவளுக்குச் சொன்னேன், குதிரைக்கு ஒண்ணும் ஆகலன்னு. போன் வாய்கிட்டயே இருந்துச்சு. உனக்குக் கேட்டுருச்சு. உடனே அவ, "அவர்தானே, குடுங்க" ன்னா. அவ காதுகிட்ட போனைக் கொண்டு போறதுக்குள்ள நீ வச்சுட்ட. திரும்ப அடிச்சேன். அவ காதுல வச்சுத்தான் அடிச்சேன். மணி அடிக்கிறதை அவ கேட்டுக்கிட்டே இருந்தா. நீ எடுக்கல.

பிடரி சீவப் போனேன்னு எழுதியிருந்தியே. வந்தவங்க ஒவ்வொருத்தரும் எப்படி நடந்துச்சுன்னு என்னைக் கேட்டாங்க. அதைக் கேக்காத ஜீவன் லாயத்துல ஒண்ணுதான் இருந்துச்சு.

இப்ப உனக்குத் திருப்தியா?


பிப்ரவரி 19

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டு ஃபிரிட்ஜைத் துடைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, இருந்தாலும் தட்டுகளை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

குதிரை ஏன் நடக்கிறது என்று எழுதுகிறேன். உங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை. முறுக்கிய இரும்பை அதன் வாயில் மாட்டினீர்கள் என்று எழுதியிருந்ததால். அவள் இருந்திருந்தால் அதைக் கழற்றி உங்கள் முதலாளிக்கு மாட்டியிருப்பாள்.

சின்ன வயதில் பழகாத குட்டியின் மேல் அவளை நீங்கள் ஏற்றிவிட்டு, அவள் விழுந்து இடது முட்டி உடைந்தது ஞாபகம் இருக்கும். 'பாருங்க, தழும்புகூட இல்லாம ஆறிருச்சு' என்று பெண் பார்க்க வந்த எங்களிடமே பெருமையாகச் சொன்னீர்கள். அது ஆறவே இல்லை. இடது பக்கம் ஏறுவதென்றால் உடம்பு முழுவதையும் அந்த முட்டியில்தான் தூக்க வேண்டும். அவளால் முடியாது. ஒரு நாள்கூட முடிந்ததில்லை. உங்களிடம் சொன்னால், 'இடது பக்கம் ஏறத் தெரியாதவ குதிரைக்காரன் பொண்ணா' என்பீர்கள். அதனால் சொல்லவில்லை. நீங்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் வலது பக்கமாக ஏறிக்கொள்வாள். நீங்கள் சுறுசுறுப்பு என்று நினைத்தது அதைத்தான்.

வலது பக்கம் ஏறினால் சேணம் அந்தப் பக்கம் சரியும். எதிர்ப்பக்கம் யாராவது கனம் கொடுக்க வேண்டும். அது நான். வேலை முடிந்து அவளைக் கூப்பிட வருவேன் இல்லையா, வந்ததும் குதிரையின் இடது பக்கம் நின்று, கால் வைக்கிற அந்த இரும்பு வளையத்தை, உங்கள் பாஷையில் அங்கவடியை, இரண்டு கையாலும் கீழே அழுத்திப் பிடிப்பேன். அவள் ஏறி உட்கார்ந்து, "ம்" என்றதும் மெதுவாக விடுவேன். அவள் கிளம்புவாள். தினமும் இதுதான்.

நாங்கள் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. அதுவாகக் கற்றுக்கொண்டது. இடது அங்கவடியில் கனம் இருந்தால் நில். கனம் போனால் நட. இப்போது முதலாளியின் மகள் இடது அங்கவடியில் கால் வைத்து எம்புகிறாள், கனம் வருகிறது, நிற்கிறது. மறுகாலைத் தூக்கிப் போடும்போது கனம் குறைகிறது, நடக்கிறது. அவள் கால் அந்தரத்தில் இருக்கிறது என்பது குதிரையின் பிரச்சினை இல்லை. உங்கள் மேனேஜரம்மா அடம் பிடிக்கவில்லை, வேலையைச் சரியாகச் செய்கிறது. அந்த லாயத்தில் அது ஒன்றுதான் அப்படி.

காட்சியின் விதிமுறைத் தாள் அவள் பையில் இருந்தது. முழுதாகப் படித்தேன். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். கூட ஒரு உதவியாள் நிற்கலாம் என்று இருக்கிறது. எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. முதலாளியின் மகளை வலது பக்கம் ஏறச் சொல்லுங்கள். இடது பக்கம் நீங்கள் பிடியுங்கள். இழுக்காதீர்கள், அழுத்துங்கள். விடும்போது சட்டென்று விடாதீர்கள். போனை அணைத்துவிட்டுப் போங்கள். ஒரு தடவை என் போன் அடித்து, அது மிரண்டு என் காலை மிதித்தது. அன்றிலிருந்து, "போனை அணை, அப்புறம் அங்கவடியைத் தொடு" என்று அவள் விதி வைத்திருந்தாள்.

இதற்கு மேல் எனக்கும் உங்களுக்கும் எழுத ஒன்றும் இல்லை.


பிப்ரவரி 21

மாப்பிள்ளை,

புதுக் கடிவாளத்தைக் கழட்டிக் கிணத்துல போட்டுட்டேன். முதலாளிகிட்ட தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேன். நம்பல.

நீ எழுதினபடியே செஞ்சேன். போனை அணைச்சேன். இடது பக்கம் நின்னு அழுத்தினேன். அந்தப் பொண்ணு வலது பக்கம் ஏறிச்சு. சிலை மாதிரி நின்னுச்சு குதிரை. பெருக்குற ஆளு கை தட்டினான். சரி, மெதுவா விட்டேன்.

நகரல. அந்தப் பொண்ணு உதைச்சும் நகரல. தலையத் திருப்பி என் கையை மோந்து பாத்துச்சு. அப்புறம் கேட்டைப் பாத்துச்சு. பாத்துக்கிட்டே நின்னுச்சு. ஆள் இல்லாம ஏறினா கெளம்பிடுது, நான் நின்னா கெளம்ப மாட்டேங்குது. உன் கம்ப்ரசர் எண்ணெய் வாசனைதான் வேணும்போலன்னு ஜீப்லேர்ந்து கொஞ்சம் ஆயில் எடுத்துக் கையில தடவிக்கிட்டுப் போனேன். மோந்துச்சு. என் மூஞ்சியிலயே தும்மிட்டு மறுபடி கேட்டைப் பாத்துச்சு. என் வாழ்க்கையில எந்தக் குதிரையும் என்னை இவ்வளவு கேவலமா பாத்ததில்ல. மனுஷன்ல நீ ஒருத்தன் பாத்திருக்க.

முட்டி விஷயத்தை அவ எங்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் அப்படித்தான் கேட்டிருப்பேன்னு நீ எழுதியிருக்க. ஆமா, அப்படித்தான் கேட்டிருப்பேன்.

நாளன்னைக்குக் காட்சி. சூளைக்காரனும் வண்டியோட வர்றானாம், முடிஞ்ச கையோட கூட்டிட்டுப் போக. உன்னை வான்னு நான் கூப்பிடல. தெரிஞ்சுக்கோன்னு எழுதுறேன்.


பிப்ரவரி 23

மாமாவுக்கு,

இதை உங்கள் ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன். காட்சி மைதானத்தின் கேட்டுக்கு வெளியே, டிக்கெட் கிழிக்கும் மேஜையில் வைத்து எழுதுகிறேன். நீங்கள் அங்கே கொட்டகையில் சால்வையால் குதிரையின் முதுகைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட மாட்டேன். பேசுவதற்கு நான் இன்னும் தயாராக இல்லை. ஆவேனா என்றும் தெரியாது.

உங்களுக்காக வரவில்லை. தொப்பி போட்டவர்களுக்காகவும் வரவில்லை. போன வருடம் இருந்த அதே ஆட்கள், அதே நாற்காலி, அதே 'நல்ல ஜாதி'. சூளைக்காரனையும் பார்த்தேன். கயிறு கொண்டுவந்திருக்கிறான். இவர்கள் எல்லோரிலும் தான் எதற்கு வந்தோம் என்று தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

முதலாளியின் மகளிடம் சொல்லுங்கள். ஏறி உட்கார்ந்ததும் எதுவும் பேச வேண்டாம், "ம்" என்று மட்டும் சொன்னால் போதும். எப்போது விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கொட்டகையிலேயே நில்லுங்கள், இடது பக்கம் வராதீர்கள். அது உங்கள் இடம் இல்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் என்னிடம் வந்து எதுவும் சொல்ல வேண்டாம். அத்தை சோறு கொடுத்தனுப்பியிருந்தால் ஜீப்பில் வைத்துவிட்டுப் போங்கள்.

காலையில் கிடங்குக்குப் போய்விட்டுத்தான் வந்தேன். கை கழுவவில்லை. மேனேஜரம்மா என்னைப் பார்த்துவிட்டது. காது இரண்டும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. காதுகூடத் திரும்பக் கூடாது என்று தகர டின் தட்டிப் பழக்கினீர்களே, எல்லாம் வீண்.

போனை அணைத்துவிட்டேன்.